கடல் தாண்டி வந்த பண்ணை மணி

ஹின்ரிக் டெட்மான் அமெரிக்காவின் அயோவாவில் நிலம் பிடித்த இருபதாவது கோடையில், கோதுமை கதிர்விட்டு இடுப்புக்கு மேல் நின்ற ஒரு காலையில், ரோடன்ஹோஃப் பண்ணையின் மணி கடல் தாண்டி வந்து சேர்ந்தது. கயிறு இல்லை, கோபுரம் இல்லை, மாட்ட ஓர் உத்தரம்கூட இல்லை. ஊருக்குக் கிழக்கே கிடந்த சதுப்பு வெளியின் மேல், ஒரு பனை உயரத்தில், களிம்பேறிய பச்சை வெண்கலமாய் அந்தரத்தில் தொங்கிக்கொண்டு, விடிவெள்ளி மறையும் முன்னே அடித்தது. பார்த்தவர்கள் யாரும் இது எப்படி என்று கேட்கவில்லை. வந்துவிட்டதா என்றுதான் கேட்டார்கள், ஊரில் விட்டுவந்த வயசான மாமியார் ஒருநாள் மூட்டையோடு வாசலில் வந்து நின்றால் கேட்பதுபோல.

ஏனென்றால் அந்த மணியை அவர்களுக்குப் பிறந்ததிலிருந்தே தெரியும். ஜெர்மனியின் வடக்கே மெக்லென்பர்க் என்கிற சீமையில், ரோடன்ஹோஃப் பண்ணையார் வீட்டு முற்றத்தில் அது தொங்கியது. அது அடித்தால் பண்ணையாட்கள் எழவேண்டும், மறுபடி அடித்தால் குனியவேண்டும், கடைசியாய் அடித்தால் நிமிரலாம். அடிமைமுறை ஒழிந்துவிட்டது என்று அரசாங்கம் காகிதத்தில் எழுதிக் கொடுத்து வெகுகாலம் ஆகியிருந்தது. காகிதத்துக்கு விடுதலை கிடைத்தது, ஆட்களுக்கு மணி கிடைத்தது. குடியிருக்கக் குடிசை கொடுக்கிற உரிமை பண்ணையாருடையது என்பதால், எவனுக்கு எப்போது கல்யாணம் என்பதும் அவர் வாய்ச்சொல்தான். அவர் தலையசைக்காமல் எந்தப் பாதிரியாரும் மோதிரத்தை ஆசீர்வதிக்கமாட்டார்.

ஹின்ரிக் அங்கே எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரிந்த ஒரே பண்ணையாள். நாடெங்கும் கலகம் மூண்ட வருஷத்தில், யாரோ கைமாற்றிக் கொடுத்த ஒரு துண்டுப் பிரசுரத்தை நெஞ்சுக்குள் வைத்துக்கொண்டு, உரவண்டியின் மேல் ஏறி நின்று, இனி இந்த மணிக்கு நாம் எழக்கூடாது என்று பேசினான். எல்லாரும் ஆரவாரம் செய்தார்கள். சிப்பாய்கள் வந்தார்கள். ஹின்ரிக் முதுகில் கசையடியும் சிறையில் ஒரு பனிக்காலமும் வாங்கிக்கொண்டு திரும்பி வந்தபோது, ஆரவாரம் செய்த அதே வாய்கள் மூடியிருந்தன, அதே கைகள் பண்ணையார் வண்டிக்குத் தொப்பியைக் கழற்றின. அதை அவன் மன்னிக்கவே இல்லை. கடைசிவரைக்கும் அவர்களை விட்டுப் பிரியவும் இல்லை.

உரவண்டியில் ஏறிப் பேசினவனுக்குக் குடிசை எப்படிக் கிடைக்கும்? ஹின்ரிக்கும் பால்பண்ணையில் வேலைசெய்த டூர்ட்டனும் கல்யாணத்துக்கு அனுமதி கேட்டுக் கேட்டு நின்றார்கள். அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றார் பண்ணையார். குழந்தை அடுத்த வருஷம்வரை காத்திருக்கவில்லை. கல்யாணமாகாதவள் பெற்றது என்று ஞானஸ்நானத்தைத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தார் பாதிரியார். குழந்தை அதற்குள் காய்ச்சல் கண்டு போய்விட்டது, ஞானஸ்நானம் ஆகாதது என்று கல்லறைத்தோட்டச் சுவருக்கு வெளியே, முள்வேலி ஓரமாய்ப் புதைத்தார்கள். ஹின்ரிக்கே குழி வெட்டினான். பாதியில் மணி அடித்தது. அவன் கால்கள் குழியை விட்டு ஏறி வயலுக்குப் போய்விட்டன; டூர்ட்டன்தான் மிச்ச மண்ணைத் தள்ளினாள்.

அந்தச் சீமையில் ஒரு வழக்கம் உண்டு. கல்யாணத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் ஊர்க்காரர்கள் மணப்பெண் வாசலுக்கு வந்து பழைய தட்டு, ஜாடி, பீங்கான் எல்லாவற்றையும் போட்டு உடைப்பார்கள். எவ்வளவு சத்தமோ அவ்வளவு நல்லது. கண்ணாடி மட்டும் கூடாது, அது கேடு. உடைக்கிற சத்தம் கேட்டும் வராமல் இருப்பவன் மணப்பெண்ணைச் சபிக்கிறவன். சில்லுகளை மாப்பிள்ளையும் பெண்ணும் சேர்ந்து கூட்டி அள்ளவேண்டும். டூர்ட்டனின் நாளுக்கென்று அவள் தோழிகள் விளிம்பு போன தட்டுகளையும் கைப்பிடி உடைந்த ஜாடிகளையும் ஒரு பெட்டியில் சேர்த்து வைத்திருந்தார்கள். அந்த நாள் வரவே இல்லை. இருவரும் கப்பலேறப் புறப்பட்டபோது, நாங்கள் உடைக்க முடியாததை நீயே எடுத்துப் போ என்று பெட்டியைத் தூக்கிக் கொடுத்துவிட்டார்கள். ஹாம்பர்க் துறைமுகத்தில், சீட்டு வாங்குவதற்கும் கப்பல் கிளம்புவதற்கும் நடுவே, முகம் தெரியாத ஒரு பாதிரியார் அவர்களுக்கு அவசரமாய்க் கல்யாணம் செய்துவைத்தார். எல்லாரும் கம்பளியும் விதையும் கோடரியும் கொண்டுபோன கப்பலில், உதவாத ஓட்டுச் சட்டிகளைச் சுமந்துபோன ஒருத்தியைப் பார்த்து வழியெல்லாம் சிரித்தார்கள். அவள் பெட்டியின் மேல் உட்கார்ந்து ரொட்டி தின்றாள்.

அயோவாவில் பூர்வகுடிகளைத் துப்பாக்கி முனையில் மேற்கே விரட்டிவிட்டு, யாருமில்லாத பூமி என்று விளம்பரம் செய்து விற்றார்கள். துரத்தப்பட்டவன் வந்து துரத்தப்பட்டவனின் மண்ணில் குடிசை போட்டான், லாபம் நடுவில் நின்றவனுக்கு. ரோடன்ஹோஃபிலிருந்து ஒவ்வொரு குடும்பமாய் வந்து சேர்ந்தவர்கள் ஊருக்குப் புது ரோடன் என்று பெயர் வைத்தார்கள். தப்பி ஓடிவந்த இடத்தின் பெயரா என்று ஹின்ரிக் ஒருவன்தான் எதிர்த்துப் பேசினான். எல்லாரும் அவன் சொன்னதை ஒத்துக்கொண்டு, அந்தப் பெயரையே வைத்தார்கள். பெயரைக் கேட்டு வழி கண்டுபிடித்துத்தான் மணியும் வந்தது என்று அவன் பின்னாளில் சொல்லுவான்.

முதல் நாள் மணி அடித்ததுமே ஊர் முழுக்கக் கால்கள் தரையில் இறங்கின. ஹின்ரிக் பல்லைக் கடித்துக்கொண்டு படுக்கையைப் பிடித்தான். கால்கள் அவனை இழுத்துக்கொண்டு வாசலுக்கு வந்துவிட்டன. மறுநாள் வலது காலைக் கட்டிலோடு சேர்த்துக் கட்டிக்கொண்டான். அன்றைக்குக் கட்டிலும் வந்தது, வாசற்படியில் ஒரு சட்டம் முறிந்தது. சதுப்பின் கரையில் போய்ப் பார்த்தால் ஊரே நீண்ட பிடி போட்ட புல்லரிவாள்களைத் தோளில் சாய்த்துக்கொண்டு, தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, யாராவது வேலை சொல்லட்டும் என்று நின்றது. யாரும் வரவில்லை. சூரியன் ஏறினதும் ஒருவர் முகத்தை ஒருவர் பாராமல் வீடு திரும்பினார்கள்.

பிறகு மெல்ல மெல்ல ஊர் மணியைத் தன் வீட்டுச் சாமான் ஆக்கிக்கொண்டது. பாதிரியார் கார்லிங், தேவாலயத்துக்கு மணி வாங்கும் செலவைக் கர்த்தர் மிச்சம் பண்ணிவிட்டார் என்று பிரசங்கம் செய்தார். பெண்கள் மணியடித்ததும் மாவு பிசைந்து சூரியன் ஏறினதும் ரொட்டி எடுத்தார்கள். தகைவிலான் குருவிகள் மணியின் உள்வயிற்றில் கூடு கட்டி, அது ஆடும்போது வெளியே வந்து வட்டமடித்துவிட்டுத் திரும்பப் போயின. ஆற்றுக்கு அப்பால் இருந்த நார்வேக்காரர்கள், உங்கள் மணியால் எங்கள் மாடு பால் சுரக்க மறுக்கிறது என்று வந்து சண்டை போட்டார்கள். அவர்கள் கால்கள் மட்டும் அசையவே இல்லை. காதில் கம்பளிநூலை அடைத்துக்கொண்டு படுத்துப் பார்த்தவர்களும் உண்டு. அவர்களைப் பக்கத்து வீட்டுக்காரர்கள் கதவைத் தட்டி, மணி அடித்துவிட்டது என்று அன்போடு எழுப்பிவிட்டார்கள். ஹின்ரிக் துப்பாக்கியால் சுட்டான். குண்டு பட்டு மணி இன்னொருதரம் அடித்தது, அன்று ஊர் இரண்டுமுறை போய் நின்றது, அதற்காக வெகுநாள் அவனைத் திட்டினார்கள்.

இப்படி அவர்கள் நின்றுகொண்டிருந்த ஒரு காலையில்தான் விட்கம் அந்த வழியே குதிரையில் போனான். கிழக்கிலிருந்து வந்து மாவுமில்லும் மலிவு நிலமும் வளைத்துப்போட்டவன். கெட்டவன் என்று சொல்லமுடியாது, வேலியில்லாத இடத்தில் மேய்கிறவன், அவ்வளவுதான். வெறும் வெளியில் ஒரு ஊரே தொப்பியைக் கையில் பிடித்து நிற்பதைப் பார்த்து அவனுக்குச் சிரிப்பு வந்தது. சும்மா நிற்பதற்கு என் புல்லை அறுக்கலாமே என்று விளையாட்டாய்ச் சொன்னான். அவர்கள் போய் அறுத்தார்கள். உச்சிவரை அறுத்தார்கள். மறுநாளும் போனார்கள், பொழுது சாயும்வரை அறுத்தார்கள். ஒரு வாரத்துக்குப் பிறகு விட்கம் சிரிப்பதை நிறுத்திவிட்டு, இன்றைக்கு அந்தப் பக்கம் என்று கையைக் காட்டப் பழகிக்கொண்டான். அவர்களுடைய சொந்தக் கோதுமை முற்றிப் பழுத்துத் தானியம் உதிரத் தொடங்கியது.

ஹின்ரிக்கும் அறுத்தான். கை அறுத்தது, வாய் திட்டியது. ஞாயிற்றுக்கிழமை தேவாலய வாசலில் வண்டிமேல் ஏறி, மடிப்பெல்லாம் கிழிந்துபோன அந்தப் பழைய பிரசுரத்தை விரித்துப் படித்தான். இந்த நாட்டில் பண்ணையார் இல்லை, மணிக்குச் சொந்தக்காரன் இல்லை, நம்மை யாரும் கட்டவில்லை என்று எடுத்துச் சொன்னான். அவர்கள் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்கள். கண்கலங்கியவர்களும் உண்டு. திங்கட்கிழமை விட்கமின் புல்வெளியில் எல்லாரும் இருந்தார்கள். எதிர்த்திருந்தால்கூட அவன் தாங்கியிருப்பான்; ஒத்துக்கொண்டே அவனைத் தோற்கடித்தார்கள்.

அவன் தோல்வி வெறும் பேச்சோடு நின்றிருந்தால் கதை வேறு. அவன் மகள் ஃபீகனும் ஷ்லீ என்கிற கொல்லன் மகன் கார்ஸ்டனும் மணி வருவதற்கு முன்பே ஒருவரையொருவர் பேசி வைத்துக்கொண்டவர்கள். அறுவடை முடிந்ததும் கல்யாணம் என்று இருந்தது. ஆனால் கோதுமையோடு சேர்ந்து ஃபீகனின் வயிறும் முற்றத் தொடங்கியது ஊருக்கே தெரிந்துவிட்டது, ஆகவே கல்யாணத்தை முன்னுக்குக் கொண்டுவரவேண்டும் என்று ஹின்ரிக் ஷ்லீயின் பட்டறைக்குப் போனான். ஷ்லீ துருத்தியை விட்டுவிட்டு மீசையைத் தடவினான்.

"எனக்கு ஒண்ணும் ஆட்சேபணை இல்லை, ஹின்ரிக். ஆனா எசமான்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கிடணும்."

"எந்த எசமான்?"

"விட்கம்தான்."

"போன வருஷம் அவன் குதிரைக்கு லாடம் சரியில்லைன்னு அவனை வாசல்ல வச்சு நாய் மாதிரி விரட்டினியே."

"அப்ப மணி இல்லையே" என்றான் ஷ்லீ, அதற்குமேல் அதில் பேச என்ன இருக்கிறது என்பதுபோல.

ஷ்லீ போய்க் கேட்டான். விட்கம் முதலில் திகைத்தான், உன் பிள்ளை கல்யாணத்துக்கு என்னிடம் எதற்கு என்றான். பிறகு கொஞ்சநேரம் தாழ்வாரத்தில் உட்கார்ந்து, எதிரே தலைகுனிந்து நின்ற ஆளைப் பார்த்தான். அந்தச் சுவை அவனுக்குப் பிடித்துப்போயிருக்கவேண்டும். யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டான். அதோடு பாதிரியார் கார்லிங்கும், பெரியவர் வாயிலிருந்து ஒரு சொல் வந்துவிட்டால் நல்லது, முறை என்று ஒன்று இருக்கிறதே என்று இழுத்தார். ஹின்ரிக் வண்டியைப் பூட்டி, பெண்ணையும் பிள்ளையையும் ஏற்றிக்கொண்டு, ஒருநாள் பயணத்தில் இருந்த நகரத்து நீதிபதியிடம் போய்க் கல்யாணத்தைப் பதியலாம் என்று இரவோடு இரவாய்க் கிளம்பினான். பாதி வழியில் பொழுது விடிந்தது. அவ்வளவு தூரத்துக்கும் மணி கேட்டது. ரோடன்ஹோஃபில் பிறந்த கார்ஸ்டன் அழுதுகொண்டே வண்டியிலிருந்து இறங்கி வந்த வழியே நடந்தான். கடிவாளத்தைப் பிடித்திருந்த ஹின்ரிக்கின் கைகளும் குதிரையைத் திருப்பின. இங்கேயே பிறந்த ஃபீகனுக்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை. அவள் பின்பலகையில் உட்கார்ந்து வயிற்றில் கை வைத்துக்கொண்டு, தன் அப்பாவின் முதுகைப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

"அம்மாவோட முதல் பிள்ளை மாதிரி இதுவும் சுவத்துக்கு வெளியதானா, அப்பா?" என்று கேட்டாள்.

 மறுநாள் புல்லறுத்து முடித்ததும் ஹின்ரிக் நேரே விட்கமின் தாழ்வாரத்துக்குப் போனான். கெஞ்சப் போகவில்லை, ஒரு மனிதனோடு இன்னொரு மனிதனாய்ப் பேசப் போகிறேன் என்று வழியெல்லாம் தனக்குத்தானே சொல்லிக்கொண்டு போனான். படியில் கால் வைத்ததும் அவன் கை தானாய் எழுந்து தொப்பியைக் கழற்றியது. அவன் தயார்செய்து வைத்திருந்த வாக்கியங்களில் ஒன்றும் வரவில்லை. மெக்லென்பர்க்கில் பிறந்த பழைய சொல் ஒன்றுதான் வந்தது: எசமானே. விட்கம் அவனைப் பார்த்துத் தலையை மெல்ல ஆட்டினான், அறுப்பு முடியட்டும் டெட்மான், அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றான்.

வீட்டில் டூர்ட்டன் கோழிக்குத் தீனி போட்டுக்கொண்டிருந்தாள்.

"என்ன சொன்னான்?"

ஹின்ரிக் தொப்பியைக் கையில் வைத்துச் சுற்றிக்கொண்டே நின்றான்.

"அடுத்த வருஷம்."

"தொப்பியை யாரு கழட்டச் சொன்னது?"

"யாரும் சொல்லலை, டூர்ட்டன்."

அவள் தீனிக்கூடையைக் கவிழ்த்து வைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். மாவுமூட்டைகளுக்குப் பின்னால் இத்தனை வருஷமாய்க் கிடந்த பெட்டியை இழுத்து வாசலுக்குக் கொண்டுவந்தாள். ஹின்ரிக் அவளிடம், கல்யாணமே நிச்சயமாகாமல் தட்டு உடைப்பது வழக்கம் இல்லையே என்றான். உடைத்தால் நிச்சயம்தானே என்றாள் அவள். தட்டு உடைந்தபிறகு மறுநாள் கல்யாணம் நடக்காமல் போனதாய் ரோடன்ஹோஃபில் யாராவது கேள்விப்பட்டிருக்கிறார்களா? சாயங்காலத்தில் செய்கிறதை விடிகாலையில் செய்வோம், மணியடிக்கிற நேரமாய்ப் பார்த்து. அதுவும் கல்யாணத்துக்கு முந்தின நாள்தான்.

விடிவெள்ளி இருக்கும்போதே மணி அடிக்கத் தொடங்கியது. ஊர் எழுந்து, அரிவாளைத் தோளில் போட்டு, டெட்மான் வீட்டைத் தாண்டிப் போகிற ஒரே பாதையில் வந்தது. அப்போது வாசற்கல்லில் முதல் தட்டு உடைந்தது. டூர்ட்டன் எறிந்தாள். ஃபீகன் ஒரு ஜாடியைத் தலைக்குமேல் தூக்கிப் போட்டாள். பாதையில் போனவர்கள் நின்றார்கள். ஒரு காதில் மணி, ஒரு காதில் பீங்கான். எந்தப் பக்கம் போவதென்று கால்களுக்குத் தெரியவில்லை, பிறந்ததிலிருந்து இரண்டுக்கும் கீழ்ப்படிந்த கால்கள் அவை. உடைக்கிற சத்தம் கேட்டும் வராதவன் மணப்பெண்ணைச் சபிக்கிறவன். மாப்பிள்ளையின் தாய், ஷ்லீயின் மனைவி, வாயில் கை வைத்து நின்றவள், சட்டென்று திரும்பித் தன் வீட்டுக்கு ஓடினாள். வரும்போது மடி நிறைய விளிம்பு போன கிண்ணங்கள்.

"என்னை விட்டுட்டு ஆரம்பிச்சுட்டியாடி?" என்று கோபித்துக்கொண்டே முதல் கிண்ணத்தைப் போட்டாள்.

அதற்குப்பின் யாரையும் அழைக்கவேண்டியிருக்கவில்லை. அவரவர் வீட்டுக்கு ஓடிப்போய், கிடைத்த மண்சட்டி, ஓட்டை ஜாடி, காது போன கோப்பை, முளைக்கீரை வைத்திருந்த தொட்டி என்று வாரிக்கொண்டு வந்தார்கள். பாதிரியார் கார்லிங் காரணம் கேட்கத்தான் வந்தார். அவர் மனைவி அவர் கையில் ஒரு சூப்புக் கிண்ணத்தைத் திணித்துவிட்டாள். நார்வேக்காரர்கள்கூட ஆற்றைத் தாண்டி வந்து, எதற்கென்று தெரியாமலே இரண்டு பானைகளைப் போட்டு உடைத்தார்கள். இத்தனைக்கும் நடுவில் ஹின்ரிக் அரிவாளோடு வாசல்நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றான். மற்றவர்களைவிட அவன் கால்கள்தாம் சதுப்பை நோக்கி அதிகமாய் இழுத்தன. டூர்ட்டன் அவன் தோளிலிருந்து அரிவாளை இறக்கிவிட்டு, பெட்டியின் அடியில் கிடந்த நீலப்பூப் போட்ட கடைசித் தட்டை எடுத்து அவன் கையில் வைத்தாள். நம்முடையதையும் சேர்த்து உடை என்றாள்.

உடைத்தான். அவன் வாழ்க்கையில் அந்தளவுக்குப் பெரிய சத்தத்தை அவன் எழுப்பினதில்லை. உரவண்டியின் மேலேறிப் பேசின நாளிலும் இல்லை.

அந்தச் சத்தத்துக்குள் மணி அடித்துக்கொண்டேதான் இருந்தது. ஆனால் அதை ஒருவரும் கேட்கவில்லை. கேட்க ஆளில்லாத மணி எதைப் பிடித்துக்கொண்டு தொங்கும்? குருவிகள் முதலில் வெளியே வந்தன. பிறகு மணி மெல்லச் சாய்ந்து, பழுத்த பூசணி காம்பைவிட்டு இறங்குவதுபோல இறங்கி, சதுப்புச் சேற்றில் வாய் மேலாக உட்கார்ந்தது. தவளைகள் கொஞ்சநேரம் வாயை மூடிக்கொண்டிருந்துவிட்டு மறுபடி கத்தத் தொடங்கின.

ஃபீகனும் கார்ஸ்டனும் சேர்ந்து சில்லுகளைக் கூட்டினார்கள். உச்சிவரை கூட்டினார்கள், அவ்வளவு கிடந்தது. மறுநாள் பாதிரியார் கார்லிங், முறை என்கிற பேச்சையே எடுக்காமல், சற்று வேகமாகவே ஆசீர்வாதத்தைச் சொல்லி முடித்தார். விட்கம் தன் புல்வெளியில் குதிரைமேல் வெகுநேரம் காத்திருந்துவிட்டு, பிறகு இறங்கி, கோட்டைக் கழற்றி வேலியில் போட்டு, தானே கொஞ்சம் அறுத்துப் பார்த்தானாம். ஷ்லீ அடுத்த வாரம் அவனை லாடத் தகராறில் மறுபடியும் விரட்டினான். மணியை எருதுகள் பூட்டி இழுத்து வந்து டெட்மான் வீட்டுப் பன்றிகளுக்குத் தண்ணீர்த்தொட்டியாய் வைத்தார்கள். பிறகு பேரப்பிள்ளைகள் அதில் குளித்தார்கள். பனிக்காலத்தில் பிறந்த முதல் பேரனுக்குப் பிறந்த மூன்றாம் நாளே ஞானஸ்நானம் ஆயிற்று, எந்தச் சுவரும் அவனுக்குக் குறுக்கே நிற்கவில்லை. ஹின்ரிக் அதன்பிறகு நெடுங்காலம் இருந்தான், ஊரோடு சண்டை போட்டுக்கொண்டே இருந்தான், கூட்டுறவுக் களஞ்சியம் வேண்டும் என்று வண்டிமேல் ஏறிப் பேசினான். இப்போது அவர்கள் ஒத்துக்கொள்ளவில்லை, எதிர்த்து வாதாடினார்கள், அது அவனுக்கு இனித்தது. அவன் செத்தபோது மணி அடிக்கவேண்டாம் என்று சொல்லி வைத்திருந்ததால் ஒரு தட்டு உடைத்தார்கள்.

ஆனால் சொல்லவேண்டியது கல்யாணத்துக்கு மறுநாள் காலை. விடிவெள்ளி நேரத்தில் ஹின்ரிக்குக்கு விழிப்பு வந்துவிட்டது. கால்கள் போர்வைக்குள் துடித்தன. மூச்சைப் பிடித்துக்கொண்டு காது கொடுத்தான்.

"அடிச்சிருச்சா, டூர்ட்டன்?"

"இல்லை" என்றாள் அவள், கண்ணைத் திறக்காமலே. "படு."

அவன் படுத்தான். ஜன்னலில் வெளுத்தது, பிறகு சிவந்தது, பிறகு வெயில் வந்து அவன் நெற்றியில், மூக்கில், நரைத்த தாடியில் ஒவ்வொன்றாய் இறங்கியது. பிறந்ததிலிருந்து வெயில் அவனைப் படுக்கையில் பார்த்ததில்லை. டூர்ட்டன் வாயைத் திறந்து குறட்டை விட்டாள். வெளியே பாதி உதிர்ந்த கோதுமை காத்திருந்தது, மிச்சம் இருப்பதை இன்றைக்கே அறுத்தாகவேண்டும் என்று அவனுக்குத் தெரியும், யாரும் சொல்லாமலே தெரியும். ஆனாலும் இன்னும் கொஞ்சநேரம் படுத்திருந்தான். வயிறு பசித்ததும் எழுந்தான். ரொட்டியை மென்றுகொண்டே தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டு, வாசலில் இன்னும் மின்னிய ஒரு சில்லைக் காலால் ஓரமாய்த் தள்ளிவிட்டு, தொப்பி தலையிலேயே இருக்கிறதா என்று ஒருமுறை தொட்டுப் பார்த்துவிட்டு, தன் கோதுமைக்குப் போனான்.